கறுவாத்தோட்டம்: ஓர் இடப்பெயர் கூறும் வரலாறு

மாணவர்களே, கொழும்பு 7 என்றால் தூதரகங்களும் பெரிய வீடுகளுமே நினைவுக்கு வரும். கறுவாச் செடியைத் தேடித்தான் காணவேண்டும். ஆயினும் அப்பகுதியின் பெயர் கறுவாத்தோட்டம். சிங்களத்தில் 'குருந்துவத்த' (குருந்து - கறுவா, வத்த - தோட்டம்). ஆங்கிலப் பெயருக்கும் இதுவே பொருள்.

இத்தோட்டத்தை அமைத்தவர் யார் என வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் ஆங்கிலேயர் என்பர். அது தவறு. ஒல்லாந்தரே அமைத்தனர்.

முன்னர் காடுகளில் தானாக வளர்ந்த கறுவாவே உரிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி கண்டி இராச்சியத்தினுள் இருந்தது. அரசனுடன் பகை மூண்டால் உரிப்பு வேலை தடைப்படும். எனவே தேசாதிபதி பல்க் காலத்தில், 1769 இல், மருதானைப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் தோட்டப் பயிராகக் கறுவா நடப்பட்டது. உரித்தவர்கள் சலாகம சாதியினர். அவர்களுக்கு அது விரும்பி ஏற்ற தொழிலன்று, இராசகாரியக் கடமை. அனுமதியின்றிக் கறுவாவை வெட்டி அழித்தவருக்கு மரண தண்டனையும் விதிக்கப்படலாம். ஒரு செடிக்காக உயிரா என நீங்கள் வியக்கலாம். கம்பனியின் இலாபம் அச்செடியிலேயே தங்கியிருந்தது.

1796 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் கறுவா ஏகபோகத்தைத் தொடர்ந்தனர். கோல்புறூக் விதப்புரைகளின் பின்னர் 1832 இல் இராசகாரியமும் 1833 இல் ஏகபோகமும் ஒழிந்தன. (இவ்விரு ஆண்டுகளையும் மாற்றி எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.) ஆயினும் ஏற்றுமதி வரி அதிகமாயிருந்தது, மலிவான பிறநாட்டுப் பட்டையும் போட்டிக்கு வந்தது. கறுவாவின் விலை விழுந்தது. மலைநாட்டில் கோப்பி முதலிடம் பெற்றது. பயனிழந்த தோட்டம் படிப்படியாக வீட்டு நிலமாயிற்று.

புதிய வீதிகளுக்குத் தேசாதிபதிகளின் பெயர்களே இடப்பட்டன. பார்ன்ஸ் பிளேஸ், ஹோர்ட்டன் பிளேஸ், வோர்ட் பிளேஸ் என்பன இன்றும் அப்பெயர்களையே தாங்குகின்றன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் வாழ்ந்தது வோர்ட் பிளேஸிலேயே. சுதந்திரத்தின் பின் சில வீதிகளின் பெயர்கள் மாறின. கிறகரி வீதி ஆர். ஜி. சேனநாயக்க மாவத்தை ஆயிற்று. பூங்காவையொட்டிய கிறீன் பாத், கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயரைப் பெற்றது. அவர் பிறந்த 1877 ஆம் ஆண்டிலேயே, தேசாதிபதி கிறகரி கட்டுவித்த கொழும்பு நூதனசாலையும் அருகே திறக்கப்பட்டது.