டிராகன்கள் ஏன் போகணும்?

என் மகளுக்கு ராத்திரி படித்துக் காட்ட ஆரம்பித்து, கடைசியில் நானே மாட்டிக்கொண்ட தொடர், கிரெசிடா கவெல் எழுதிய 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்'. முதல் புத்தகம் 2003-இல், பன்னிரண்டாவதும் கடைசியுமானது 2015-இல். சினிமா மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு தகவல்: புத்தகத்தில் டூத்லெஸ் சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு பொடிப்பயல்.

கடைசிப் புத்தகத்தை மூடியதும் மகள் அழுதுவிட்டாள். "ஏம்ப்பா டிராகன் எல்லாம் போகணும்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முதல் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பாதி பதில் அங்கேயே இருந்தது.

கதை சொல்வது கிழவனாகிவிட்ட ஹிக்கப். தன் சின்ன வயதில் டிராகன்கள் இருந்ததாகத்தான் ஆரம்பிக்கிறான். அப்படியென்றால் இப்போது இல்லை என்றுதானே அர்த்தம்? முடிவை முதலிலேயே சொல்லியாச்சு. ஏன், எப்படி என்பதுதான் பாக்கி.

நிரல் எழுதும்போது, அறிவித்த மாறியைப் பயன்படுத்தாமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். நீண்ட தொடர்களில் அப்படி எத்தனையோ அம்போவென்று கிடக்கும். இங்கே அப்படியில்லை. முந்தைய சாகசங்களில் சும்மா வந்துபோன வாள், சாவி, டிக்டிக் கருவி எல்லாம் அரசனாக முடிசூடத் தேவையான 10 தொலைந்த பொருட்களில் சேர்த்தி என்று பின்னால் தெரிகிறது. ஏழாவது புத்தகத்தில் விழும் அடிமைக் குறி, ஒன்பதாவதில் ஹிக்கப்பை ஊரே ஒதுக்கக் காரணமாகிறது. எட்டாவதில் அவன் விடுவித்த ஃபியூரியஸ்தான் பிறகு மனிதர்களுக்கு எதிரான டிராகன் போரை நடத்துகிறது.

ஆனால் முடிச்செல்லாம் அவிழ்ந்தால் மட்டும் மனம் நிறையாது. ஜெயிப்பதற்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். ஹிக்கப் நல்ல அரசன்தான். டிராகன்களை அடிமையாக்க மாட்டான். அவனுக்கு அப்புறம் வருகிறவன்? தன் வாக்குக்குத்தான் ஒருவன் பொறுப்பேற்க முடியும், வாரிசுகளின் வாக்குக்கு முடியாது. அதனால்தான் டிராகன்கள் மனிதர் கண்ணிலிருந்து மறைகின்றன, வெறும் கட்டுக்கதையாகின்றன. எல்லோரும் சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்று முடித்திருந்தால் முதல் பக்கமே பொய்யாகியிருக்கும். குழந்தையை ஏமாற்றாமல், அழ வைத்தாலும் பரவாயில்லை என்று முடித்ததுதான் எனக்குப் பிடித்தது.

இதையெல்லாம் மகளிடம் என் பாணியில் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ சாகலை, ஒளிஞ்சிருக்கு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். மறுநாள் ராத்திரி முதல் புத்தகத்தோடு வந்து நின்றாள்.