தலையில் அறுவை, முகத்தில் தழும்பில்லை

பால்மரம் சீவுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரியான சாய்வில், அளவான ஆழத்தில் சீவினால் பட்டை மீண்டும் வளரும். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மண்டை ஓட்டைச் சீரமைக்கும் மருத்துவர்களும் இதே கவலையோடுதான் கத்தியை எடுக்கிறார்கள்.

குழந்தையின் மண்டை ஓடு பல துண்டுகளால் ஆனது. அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகள் மூளை வளர இடம் கொடுக்கின்றன. சில குழந்தைகளுக்கு ஓர் இணைப்பு முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும். அப்போது தலை படகுபோல் நீளும். அல்லது நெற்றி ஒரு பக்கம் சப்பையாகும். பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் எலும்பைப் பிரித்துச் சீராக்குவார்கள். நெற்றி எலும்பையும் கண்குழி எலும்பையும் மண்டைக்குள்ளிருந்தே நகர்த்தலாம் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் தெசியர் 1967-இல் ரோம் நகரில் மருத்துவர் கூட்டத்தில் எடுத்துக்காட்டினார்.

"காதுக்குக் காது தலையை அறுப்பார்கள்" என்றதும் கையெழுத்துப் போடத் தயங்கும் பெற்றோர் உண்டு. பெற்ற மனம் பதறத்தான் செய்யும். ஆனால் முகத்தில் கத்தி படக்கூடாது என்பதற்காகத்தான் முடிக்குள் அறுக்கிறார்கள். பிறகு தோலை முன்பக்கம் புருவம் வரை மடித்து இறக்கினால் நெற்றி எலும்பு முழுவதும் தெரியும்.

அறுப்பதிலும் ஒரு முறை உண்டு. நேர்கோடாக அறுத்தால், தலை நனையும்போது வகிடு எடுத்ததுபோல் தழும்பு தெரியும். ஆகவே பலர் வளைத்து வளைத்து அறுக்கிறார்கள். முடி குறுக்கே விழுந்து தழும்பை மூடிவிடும். முடி சாய்ந்திருக்கும் போக்கிலேயே கத்தியையும் சாய்ப்பார்கள். செங்குத்தாக இறக்கினால் முடிவேர்கள் அறுபட்டு, அங்கே வழுக்கைக் கோடு விழும்.

தலைத்தோலில் இரத்தம் அதிகம் பாயும். அதை நிறுத்தச் சூடு வைத்தால் வேர் கருகும். எனவே சூட்டைக் குறைத்து, விளிம்பைச் சிறு கிளிப்புகளால் கவ்விப் பிடிக்கிறார்கள். எலும்பை ஒட்டிய சவ்வையும் வீணாக்குவதில்லை. தேவைப்பட்டால் அதைத் தனியே உரித்து, மூக்கறைக்கும் மூளைக்கும் நடுவே உயிருள்ள மறைப்பாக வைக்கிறார்கள். பொட்டுப் பக்கம் புருவத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. அதற்குக் கீழேயே கத்தியை ஓட்டுகிறார்கள்.

முழு மொட்டை எல்லா இடத்திலும் அடிப்பதில்லை, கேட்டுப் பாருங்கள்.

ஒரே பக்கம் படுத்துப் பின்தலை தட்டையாவது வேறு; அதற்குப் பொதுவாகக் கத்தி வேண்டாம். ஆனால் உச்சந்தலையில் நீளமாக வரப்புபோல் தட்டுப்பட்டாலோ, நெற்றி கோணினாலோ, "வளர வளரச் சரியாகும்" என்று காத்திராமல் அடுத்த முறை ஊசி போடப் போகும்போதே கிளினிக் தாதியிடம் குழந்தையின் தலையைக் காட்டுங்கள்.