சாலை எண்ணும் மாற்றுவழியும்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரை செல்லும் பெருஞ்சாலையின் அருகே அமைந்தது எங்கள் சின்னாளப்பட்டி. கைத்தறிக்கும் சுங்கடிச் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர். 1947ஆம் ஆண்டில் தோன்றிய காந்திகிராமம் இதன் பக்கத்தேதான் இருக்கிறது. பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தை நாங்கள் ‘பிரிவு’ என்போம். பேருந்தில் ஏறுவோர் ‘சின்னாளப்பட்டிப் பிரிவு’ என்று சொல்லிச் சீட்டு வாங்குவரேயன்றி, இத்தனையாம் எண் நெடுஞ்சாலையில் இறக்கிவிடுக என்று எவரும் கேட்பதில்லை. அங்ஙனமாயின் சாலைக்கு எண் எதற்கு? ஒருமுறை இட்ட எண்ணைப் பின்னர் மாற்றுவது எதற்கு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

சாலைக்குப் பெயரிடும் வழக்கம் நமக்குப் பழையது. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கிய சாலைகள் தென்பாண்டி நாட்டில் உண்டு. ஆயினும் பெயரில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. திண்டுக்கல்லில் நின்றால் ‘மதுரை ரோடு’ எனப்படும் அதே சாலை, மதுரையில் நின்றால் ‘திண்டுக்கல் ரோடு’ ஆகிவிடுகிறது. தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து நடப்போருக்குப் ‘பழனி ரோடு’ என்றால் போதும். ஆனால் வடநாட்டிலிருந்து சரக்கேற்றி வரும் லாரி ஓட்டுநருக்கு அது போதாது. அவர் நம் மொழி அறியார். நம் ஊர்ப்பெயரும் அறியார். எண் ஒன்றே அவருக்குத் துணை. உள்ளூராருக்குப் பெயர் போதும்; அயலாருக்கு எண் வேண்டும்.

நம் நாட்டில் சாலைகளை முறையாக வகைப்படுத்தும் பணி 1943ஆம் ஆண்டில் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர் மாநாட்டில் உருப்பெற்றது. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்னும் பாகுபாடு அங்குதான் வகுக்கப்பட்டது. பின்னர் 1956ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் இயற்றப்பட்டது. வாரணாசியிலிருந்து நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம், திண்டுக்கல், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடிய பெருஞ்சாலைக்கு 7 என்னும் எண் வாய்த்தது. சென்னையிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனி வரை சென்றது 45. திண்டுக்கல்லிலிருந்து பழனி, கோவை வழியாகப் பெங்களூர் சென்றது 209.

7, 45, 209 ஆகிய மூன்றும் திண்டுக்கல் என்னும் ஓரூரில் கூடின. இவ்வெண்களை நோக்கி, எது எத்திசையில் செல்கிறது என்று எவராலும் சொல்ல இயலுமோ? இயலாது. புதுச்சாலை சேரச்சேரப் புது எண் வழங்கப்பட்டது, அவ்வளவே.

இனி மாற்றுவழிக்கு வருவோம். சென்னையிலிருந்து மதுரை செல்வோர் திருச்சியை அடைந்தபின் இரு வழிகள் உண்டு. மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் வந்து, தெற்கே திரும்பி, எங்கள் ஊரைக் கடந்து மதுரை சேரலாம். அன்றித் துவரங்குறிச்சி, மேலூர் வழியாக நேரே செல்லலாம். திருச்சி, திண்டுக்கல், மதுரை ஆகிய மூன்றையும் படத்தில் கோடிட்டு இணைத்துப் பாருங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்தின் இரு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாம் பக்கத்தைவிட நீளம் என்பது நீங்கள் வடிவ கணிதத்தில் படித்ததே. எனவே நேர்வழி குறுகியது. ஆயினும் முதன்மை எண்ணாகிய 45 திண்டுக்கல் வழிக்கே உரியதாய் இருந்தது. நேர்வழிக்கு வாய்த்தது 45-பி என்னும் வால் எழுத்துடைய எண். அது மதுரையையும் கடந்து தூத்துக்குடி வரை சென்றது.

அதே வால் எழுத்து வேறு பொருளிலும் வழங்கிற்று. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் சென்றது 45-ஏ. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சை சென்றது 45-சி. இவை 45ஐ விட்டுப் பிரிந்தபின் மீண்டும் அதனிடம் வந்து சேராத கிளைகள். ஒன்று குறுக்குவழி, மற்றவை கிளைவழி. இரண்டுக்கும் ஒரே வகை அடையாளம் இட்டால் வழிப்போக்கன் எதை நம்புவான்?

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1920களில் எண்ணிடத் தொடங்கிய நாடுகளும் இதனைக் கண்டன. இங்கிலாந்தில் 1 முதல் 6 வரையிலான பெருஞ்சாலைகள் இலண்டனிலிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் வரிசைப்படுத்தப்பட்டன. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டு ஏற்ற முறைப்படி, வடக்குத் தெற்காகச் செல்வன ஒற்றைப்படை எண்ணும், கிழக்கு மேற்காகச் செல்வன இரட்டைப்படை எண்ணும் பெற்றன. அங்கும் ஒரே எண் இரு வழிகளாகப் பிரிந்து, பின்னர்க் கூடும் இடங்கள் இருந்தன. திசையைக் குறிக்கும் எழுத்தை எண்ணின் பின்னே ஒட்டியும், ‘மாற்றுவழி’ என்ற பலகையை எண்ணின்மேல் வைத்தும் அவற்றை வேறுபடுத்தினர்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு மத்திய அரசு புதிய எண்முறையை அறிவித்தது. அதன் விதிகள் எளியன. வடக்குத் தெற்காகச் செல்லும் சாலைக்கு இரட்டைப்படை எண். அது கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக வளரும். கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைக்கு ஒற்றைப்படை எண். அது வடக்கிலிருந்து தெற்கே வரவர வளரும். கிளைச்சாலைக்கு மூன்று இலக்கம். கடைசி இரு இலக்கங்கள் தாய்ச்சாலையின் எண்ணைக் காட்டும்.

தமிழ்நாட்டுப் படத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள். திருச்சி வழியாகச் சிதம்பரம் செல்வது 81. பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் செல்வது 83. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி செல்வது 85. இராமேசுவரம் செல்வது 87. வடக்கிலிருந்து தெற்கே எண்கள் படிப்படியாக ஏறுகின்றன. கிழக்குக் கடற்கரையை ஒட்டி 32. அதற்கு மேற்கே 36, 38, 44. கேரளக் கடற்கரையில் 66. திண்டுக்கல்லிலிருந்து தேனி, குமுளி வழியாகக் கேரளம் செல்வது 183. நத்தம் வழியாகக் கிழக்கே செல்வது 383. இரண்டும் 83இன் பிள்ளைகள் என்பது எண்ணைக் கண்டவுடனே விளங்குகிறதன்றோ?

இம்மாற்றத்தில் பழைய 45 என்னவாயிற்று? ஐந்து துண்டாயிற்று. சென்னை முதல் திண்டிவனம் வரை 32. அங்கிருந்து விழுப்புரம் வரை 132. விழுப்புரம் முதல் திருச்சி வரை 38. திருச்சி முதல் திண்டுக்கல் வரை 83. அப்பால் தேனி வரை 183. வால் எழுத்துடன் இருந்த 45-பியோ, வேலூரிலிருந்து தூத்துக்குடி வரை ஓடும் 38 என்னும் முதன்மைச் சாலையின் பகுதியாயிற்று. மாற்றுவழி தலைவழி ஆயிற்று. பழைய தலைவழி பல பெயர் பூண்டது.

எங்கள் ஊர்ச்சாலையின் கதை இதற்கு நேர்மாறானது. பழைய 7இன் தென்பகுதி, வடக்கே இருந்த வேறு ஆறு சாலைகளின் பகுதிகளோடு இணைந்து, சீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44 ஆயிற்று. நம் நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலை இதுவே. 7 என்னும் எண்ணோ பஞ்சாபிலிருந்து உத்தரகண்டத்து மலைகளுக்கு ஏறும் சாலைக்குச் சென்றது. 45 மத்தியப் பிரதேசத்துக்குப் போயிற்று.

நான் பணியில் இருந்த காலத்தில், இம்மாற்றத்துக்குப் பின் நடந்த ஒரு தேர்வில், நம் ஊர் அருகே செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் எண் யாது என்று வினவியிருந்தேன். சிலர் 7 என்றனர். சிலர் 44 என்றனர். லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன் மட்டும், ‘முன்பு 7, இப்போது 44’ என்று எழுதியிருந்தான். அவன் விடையையே கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். எண் என்பது என்றும் மாறா உண்மையன்று. அது ஓர் ஏற்பாடு. ஏற்பாட்டைச் சொல்லும்போது காலத்தையும் சேர்த்துச் சொல்லுதல் அறிவுடைமை.

இது வெறும் தேர்வு வினாவன்று. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நேர்கிறது என்று கொள்ளுங்கள். அடிபட்டுக் கிடப்பவரின் உயிர், உதவி வந்து சேரும் நேரத்தைப் பொறுத்தது. 108க்கோ, நெடுஞ்சாலை உதவி எண்ணாகிய 1033க்கோ அழைப்பவர், ‘மதுரை ரோட்டில், ஒரு புளியமரத்தின் பக்கத்தில்’ என்றால் தொலைவில் இருப்பவர் என் செய்வார்? பழைய எண்ணைச் சொன்னாலும் குழப்பமே. அவ்வெண் இன்று வேறொரு மாநிலத்துச் சாலைக்கு உரியது. ‘44ஆம் எண் சாலை, இத்தனையாவது கிலோமீட்டர் கல், மதுரை நோக்கிச் செல்லும் பக்கம்’ என்று மூன்றையும் சொல்பவரே வண்டியை விரைந்து வரவழைப்பார்.

ஆதலின், மாணவர்களே, உங்கள் ஊருக்கு அருகே செல்லும் சாலையில் ஒரு நாள் கிலோமீட்டர் கல்லைக் கூர்ந்து நோக்குங்கள். உச்சியில் மஞ்சள் பூசியிருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. அதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அது ஒற்றையா இரட்டையா, யாருடைய கிளை, முன்பு அதன் எண் யாது என்று ஆராயுங்கள். வீட்டிலுள்ள பெரியோருக்கும் சொல்லிவையுங்கள். அவர்கள் ‘பிரிவு’ என்றே வழங்கட்டும். அது நல்ல தமிழ்ச் சொல். அதனோடு இன்றைய எண்ணையும் அறிந்திருப்பாராயின், நள்ளிரவில் அதுவே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.