யாருக்கு எந்தப் புத்தகம்?



உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஏழெட்டுப் பேர் சற்றே தயங்கிவிட்டு, "திருக்குறள்" என்பார்கள். குறள் பிடிக்காது என்று எந்தத் தமிழர்தாம் சொல்வார்? ஆனால், கடைசியாக அதைக் கையில் எடுத்தது எப்போது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். நேற்றிரவு விளக்கை அணைக்க மனமில்லாமல் அவர் படித்துக்கொண்டிருந்தது ஒரு துப்பறியும் கதையாக இருக்கும். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

இந்த வெட்கத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். ஏனென்றால், இதனால் நம் வீடுகளில் நின்றுபோன வாசிப்பு கொஞ்சமன்று. ஒரே உலைச் சோற்றை உண்பவர்களுக்குள்ளேயே ஒருவருக்குக் கருவாட்டுக் குழம்பு வேண்டும், இன்னொருவருக்கு ரசம் இருந்தால் போதும். அதை நாம் குற்றமென்று சொல்வதில்லை. படிப்பில் மட்டும் எல்லாருக்கும் ஒரே சுவை இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். பிள்ளை படக்கதை படித்தால் அதட்டல், மனைவி தொடர்கதை படித்தால் கேலி, பாட்டி நல்லதங்காள் கதை கேட்டால் "இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்ற சலிப்பு. பிறகு, "நம் ஆட்கள் புத்தகமே தொடுவதில்லை" என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம்.

பாட்டியிடமிருந்தே தொடங்குவோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் வாசிப்புச் சுவை உண்டு. 'பெரிய எழுத்து' என்று அட்டையிலேயே போட்டு வந்த கதைப் புத்தகங்களை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். சென்னையில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் மலிவான தாளில் அச்சிட்டு வெளியிட்டவை அவை. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை என்று அவற்றுக்குப் பெரிய வரிசை உண்டு. எழுத்துப் பெரியது, மங்கலான விளக்கிலும் தெரியும். லயத்து வாசலில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டவர்களும் வாசகர்களே என்பது எம் கருத்து.

கற்றவர்கள் பலர் இந்தப் புத்தகங்களை மதித்ததில்லை. ஆனால் நல்லதங்காள் கதையில் இருப்பது என்ன? பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் ஒரு தாய். அண்ணி கதவடைக்கிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த குடும்பங்களின் பெண்கள் அந்தக் கதைக்கு அழுதார்கள் என்றால், அதில் வியப்பென்ன? தங்கள் ஊரின் கதை அல்லவா அது!

இனிப் பிள்ளைகள். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா பல பத்தாண்டுகள் வெளிவந்து பிறகு நின்றுபோயிற்று. அதில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து நடப்பான். வேதாளம் ஒரு கதை சொல்லி முடிவில் ஒரு கேள்வி கேட்கும். பிள்ளைகள் அடுத்த பத்தியைக் கையால் மூடிக்கொண்டு தாங்களே விடை சொல்லிப் பார்ப்பதுண்டு. பாட்டி கேட்ட அதே விக்கிரமாதித்தன்தான் பேரனுக்கும் வந்து சேர்ந்தான்! இன்னும் சிறியவர்களுக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் உண்டு. 1944-இல் வந்த 'மலரும் உள்ளம்' முதலான அவருடைய நூல்களில் எலியும் பூனையும் மாம்பழமுமே பெரிய விஷயங்கள். நான்கு வயதில் வேறு எது பெரிய விஷயமாக இருக்க முடியும்?

பெற்றோர்கள் இந்த இடத்தில் சற்றுக் கவனிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் முடிந்ததும் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கே பாடமெல்லாம் மலாய் மொழியில். தமிழ் ஒரு பாடமாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தமிழை எழுத்தில் பார்ப்பது தானாகக் கையில் எடுக்கும் புத்தகத்தில்தான். பன்னிரண்டு வயதுக்குள், "இது எனக்குப் பிடித்த புத்தகம்" என்று ஒன்றையாவது அது கண்டுபிடித்திருந்தால் வாசிப்பு தொடரும். பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடவிடாமல் வளர்த்திருந்தால், ஆறாம் வகுப்போடு தமிழும் மூட்டை கட்டப்படும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் இது நேர்ந்ததைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். ஆகவே பத்து வயதுப் பையன் கையிலிருந்து படக்கதையைப் பிடுங்காதீர்கள். அவன் ஏணியின் முதற்படியில் நிற்கிறான்.

இரண்டாவது படி துப்பறியும் கதை. இதற்குத்தான் வீட்டில் அதிக வசவு! தமிழ்வாணனின் சங்கர்லாலை ஒரு தலைமுறை இளைஞர்கள் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தார்கள். சங்கர்லால் தேநீர் மேல் தேநீராகக் குடித்து யோசிப்பார். மாது அதைப் போட்டுக்கொண்டே இருப்பான். கதை ஓட்டத்தில் ஐம்பது பக்கம் போனதே தெரியாது. அந்த ஓட்டம்தான் எழுத்துக் கூட்டிப் படித்தவனைச் சரளமாகப் படிப்பவனாக்குகிறது. துப்பறியும் கதையிலேயே நாற்பது வயது வரை நின்றுவிடுகிறவர்களும் உண்டு. நின்றால் நிற்கட்டுமே. பால்மரக் காட்டிலோ செம்பனைக் காட்டிலோ விடியற்காலையிலிருந்து உழைத்துவிட்டு வந்தவர், ஒரு மணி நேரம் கொலைகாரன் யாரென்று தேடுவதில் யாருக்கு என்ன நட்டம்?

ஆனால் பெரும்பாலோர் நிற்பதில்லை, சரித்திரக் கதைக்கு ஏறிவிடுகிறார்கள். எம் சொந்தச் சுவையும் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே பேசுகிறோம், பொறுத்தருள வேண்டும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் அவருடைய வார இதழில் தொடங்கி 1954 வரை வந்தது. ஐந்து பாகங்கள். வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, நூல் கொண்டு தைத்து, அட்டை போட்டு வைத்தவர்கள் அந்நாளில் பலர். புத்தகத்தின் பருமனைப் பார்த்து அஞ்சவேண்டாம். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையில் வருகிறான் வந்தியத்தேவன். அவன் பின்னால் போனால் போதும், மற்றதைக் கல்கி பார்த்துக்கொள்வார். படித்து முடித்ததும் ஒரு கேள்வி வரவேண்டும்: இதில் எது நடந்தது, எது கற்பனை? வந்தியத்தேவனும் குந்தவையும் கல்வெட்டில் உள்ளவர்கள். ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும் உண்மை. அந்தப் பழிக்கு உரியவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் நந்தினி கல்கியின் கற்பனை. கற்பனைப் பெண்தான் எல்லார் மனத்திலும் முதலில் நிற்கிறாள் என்பது வேறு விஷயம்.

சாண்டில்யனின் 'கடல் புறா' நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் கருணாகரத் தொண்டைமான் கப்பலேறி வந்து சேர்வது ஸ்ரீவிஜய நாட்டுக் கடற்கரைக்கு. கதையில் அடிக்கடி வரும் கடாரம் எங்கேயோ இருக்கும் ஊரன்று, நம் கெடா மாநிலம்தான். இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது 1025-ஆம் ஆண்டை ஒட்டி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கடாரத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடல் புறாவின் கதை அதற்குச் சில பத்தாண்டுகள் பின்னால், குலோத்துங்கன் காலத்தில் நடக்கிறது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தோண்டியெடுத்த பழங்கோயில்களின் அடித்தளங்களைக் காணலாம். சுங்கைப்பட்டாணிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஒருநாள் பயணம். கதையைப் படித்துவிட்டுப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அந்தப் பள்ளத்தாக்கின் பெருமை சோழர் படையெடுப்பால் வந்ததன்று. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது வாணிகத் துறையாக விளங்கியது. படையெடுத்தவன் நம்மவன் என்பதற்காக எல்லாவற்றையும் அவன் கணக்கில் எழுதிவிடுவது சரித்திரமாகாது.

குடும்பக் கதைகளைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. சந்திரன் அழகும் அறிவும் நிரம்பியவன், கெட்டுப்போகிறான். சாதாரணமான வேலய்யன் நின்று எரிகிறான். இது பெண்களுக்கு மட்டும் உரிய கதையா? மு.வ. சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டு வகுப்பெடுப்பது உண்மைதான். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டுவது எம் வழக்கம். தொடக்கத்தில் சொன்னோமே, திருக்குறள் என்று பதில் சொல்கிறவர்கள், அவர்களுக்கும் மு.வ.வே துணை. 1949-இல் வந்த அவருடைய தெளிவுரை கையடக்கமானது, குறளுக்குக் கீழே இரண்டு மூன்று வரிகளில் பொருள் சொல்வது. நாளொன்றுக்கு ஒரு குறள் என்று எடுத்தால் 1330 குறளுக்கு மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். அவசரம் ஒன்றுமில்லை.

"கதையே பிடிக்காது, நடந்ததைச் சொல்லு" என்பவர் பல வீடுகளில் ஒருவர் உண்டு. பெரும்பாலும் அப்பாதான். அவருக்கு ஏ. கே. செட்டியாரைக் கொடுங்கள். உலகெல்லாம் அலைந்து காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைச் சேகரித்து 1940-இல் முழுநீளப் படமாக வெளியிட்டவர் அவர். அவருடைய பயண நூல்களில் வாக்கியங்கள் சிறியவை, வேடிக்கையானவை. தம்மைப் பற்றி அவர் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. எமக்கு அவரிடம் பிடித்தது அதுவே.

நூல் நிலையம், நண்பர், பழைய புத்தகக் கடை என்று எங்கிருந்து வேண்டுமானாலும் புத்தகம் கிடைக்கும். எத்தனை புத்தகம் என்பது முக்கியமன்று. வீட்டில் மூன்றே புத்தகங்கள் இருந்தாலும் அவை மூன்று பேருக்கு உரிய மூன்று வகையாக இருக்கட்டும்.

கடைசியாக, எல்லாச் சுவைக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைக்கும் ஒரு வகை உண்டு. நம் மண்ணின் கதைகள். தமிழ்நாட்டு அகிலன் இங்கு வந்து பார்த்துவிட்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' 1977-இல் வெளிவந்தது. விருந்தாளி பார்த்த தோட்டம் அது, அன்போடுதான் பார்த்திருக்கிறார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. போர்க்கால மேடானையும் பினாங்கையும் அதில் கண்முன் காணலாம். முதல் வாசிப்பில் கடினமாக இருக்கும், பாதியில் விட்டுப் பிறகு எடுக்கலாம். ஆனால் நம் குடும்பங்களுக்குள்ளேயே கைவைக்கிற நூல், மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. அதே துயரத்தை அ. ரெங்கசாமியும் 'நினைவுச் சின்னம்' என்ற நாவலில் எழுதியிருக்கிறார். ஜப்பானியர் 1942-இலும் 1943-இலும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட்டபோது, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காட்டிலும் காலராவிலும் மாண்டவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது.

அப்படிப் போய்த் திரும்பியவர்கள் இன்று அநேகமாக நம்மிடையே இல்லை. அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் உரக்கப் படியுங்கள். பிள்ளை படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பத்துப் பக்கம் போவதற்குள் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "அப்படியில்லை, எங்கப்பா சொன்னது வேற மாதிரி" என்று குறுக்கே பேசுவார். அப்போது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள், எத்தனை பேர், யார் திரும்பினார்கள் என்று தாத்தா சொல்லச் சொல்ல எழுதச் சொல்லுங்கள்.