சுமந்தவனா, சுமந்தவனைச் சுமந்தவனா?

ரெண்டு அணியும் பேசி முடிச்சாச்சு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் உண்மையான நாயகன் ஃப்ரோடோவா, சாமா? நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

கதையை எழுதிய டோல்கீன் என்னை மாதிரி மொழி வாத்தியார்தான். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். பரீட்சைத் தாள் திருத்தும்போது ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெறுமையா விட்டிருந்தான். நாமா இருந்தா முட்டை போடுவோம். அவர் அதில் 'ஹாபிட்' என்ற குள்ள மனிதனைப் பற்றி ஒரு வரி எழுதினார். அந்த விதைதான் வளர்ந்து 1954, 1955-இல் மூன்று தொகுதிகளாக இந்தப் பெருங்கதை ஆனது.

கதை என்ன? ஒரு தீய மோதிரம். வைத்திருப்பவன் மனசையே தின்றுவிடும். அது உருவான எரிமலையிலேயே போட்டால்தான் அழியும். சுமந்து போகிறவன் ஃப்ரோடோ. கூடப் போகிறவன் அவனுடைய தோட்டக்காரன் சாம்.

காப்பியத்துக்குத் தன்னிகரற்ற தலைவன் வேண்டும் என்கிறது தண்டியலங்காரம். அப்படிப் பார்த்தால் போரில் வென்று முடிசூடும் அரகார்ன்தான் நாயகன். அவரை ரெண்டு அணியும் கண்டுக்கவே இல்லை! காரணம் இருக்கு. ராஜாக்களால் முடியாத வேலையைச் சாதாரண ஆள் செய்த கதை இது.

ஃப்ரோடோ அணி சொன்னதில் நியாயம் உண்டு. மோதிரத்துக்கு அடிமையாகிப் போன கோல்லமைக் கொல்ல வாய்ப்பிருந்தும் இரக்கப்பட்டு விட்டான் ஃப்ரோடோ. கடைசியில் எரிமலை விளிம்பில் அவனுக்கே மோதிரத்தை விட மனசு வரவில்லை, தனக்கென்று எடுத்துக்கொண்டான். கோல்லம் பாய்ந்து விரலைக் கடித்துப் பறித்து, மோதிரத்தோடு நெருப்பில் விழுந்தான். அன்றைய இரக்கம்தான் உலகத்தைக் காப்பாற்றியது. அந்தப் புண்ணியம் ஃப்ரோடோ கணக்கில்தான்.

ஆனா அந்த விளிம்பு வரைக்கும் அவன் எப்படிப் போனான்? நடக்க முடியாமல் விழுந்தவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினவன் சாம்! தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்தவன் சாம். ஊரிலிருந்து ஆசையாகத் தூக்கி வந்த சமையல் பாத்திரத்தை, பாரம் குறைய, மனசு உடைந்து பள்ளத்தில் எறிந்தவன் சாம். எஜமான் இறந்துவிட்டான் என்று நினைத்து மோதிரத்தை அவனும் கொஞ்ச நேரம் சுமந்தான். 'உலகத்தையே உன் தோட்டமாக்கித் தருகிறேன்' என்று அது ஆசை காட்டியது. ஒரு சின்னத் தோட்டம் எனக்குப் போதும் என்று நினைத்தான். திருப்பியும் கொடுத்துவிட்டான். டோல்கீனே 1951-இல் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் சாமைத்தான் தலைமை நாயகன் என்று குறிக்கிறார்.

இங்கே என் கதை ஒண்ணு. என் முனைவர் பட்ட ஆய்வேட்டை, பிள்ளைகள் தூங்கின பிறகு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து நல்ல எழுத்தில் படியெடுத்துக் கொடுத்தவள் என் மனைவி. பாராட்டு விழாவில் வரிசையா எல்லாருக்கும் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "தட்டச்சு செஞ்சவரைக் கூட மறக்காமச் சொன்னீங்க." அவ்வளவுதான். மாலை கழுத்திலேயே கனத்தது.

ஃப்ரோடோ பெரியவன்தான், பட்ட காயம் ஆறாமல் ஊரைவிட்டே கப்பலேறினான். சாம் திரும்பி வந்து, போரில் பாழான ஊரில் மரக்கன்று நட்டான், குடும்பம் நடத்தினான். பாரம் சுமந்தவன் வீரன். அவனையும் சுமந்து, பிறகு வீட்டு வேலைக்குத் திரும்பினவன்தான் நாயகன். சாமே உண்மையான நாயகன் என்பது என் தீர்ப்பு!

உங்க வீட்டிலும் ஒரு சாம் இருப்பார். இன்னிக்கு ராத்திரி பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள். நான் அன்றைக்கே சொல்லியிருக்கணும்.