தேன்கூட்டுப் படிகமும் ஏழு டெஸ்லாவும்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. ஆல்ஃபா ருத்தீனியம் குளோரைடு என்று ஒரு படிகம். கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தாலே ஓர் ஏடு உரிந்து வந்துவிடும். ஒவ்வோர் ஏட்டுக்குள்ளும் ருத்தீனியம் அணுக்கள் தேன்கூடு வடிவில் அமர்ந்திருக்கின்றன. ஓர் அணுவுக்கு மூன்று அண்டை. ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம்.

சிக்கல் இங்கேதான். மூன்று அண்டை அணுக்களும் மூன்று வெவ்வேறு அச்சுகளில் திரும்பச் சொல்கின்றன. வீட்டில் மூன்று பெரியவர்கள் மூன்று விதமாகச் சொன்னால் பிள்ளை யார் பேச்சைத்தான் கேட்கும்? இப்படியொரு தேன்கூட்டை 2006-இல் அலெக்ஸி கிதாயெவ் கணக்காக எழுதி, முழுமையாகத் தீர்த்தும் காட்டினார். வெப்பநிலையைச் சுழி கெல்வின் வரை இறக்கினாலும் அந்தக் காந்தங்கள் ஒழுங்குக்கு வராது. குவாண்டம் சுழற்சித் திரவம் என்பது அந்த நிலையின் பெயர்.

நிஜப் படிகத்தில் வேறு விசைகளும் கலந்திருக்கின்றன. அதனால் சுமார் 7 கெல்வினுக்குக் கீழே காந்தங்கள் நெளிநெளியான வரிசைகளில் உறைகின்றன. ஒரு வரிசை ஒரு திசை, அடுத்தது எதிர்த்திசை. எடுக்கும்போது படிகத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டாலே அடுக்குகள் பிசகி, மாற்றம் 14 கெல்வினிலும் தென்படும். கை பட்ட விதம்கூட அளவீட்டில் தெரிகிற பொருள் இது.

இப்போது ஏட்டின் தளத்தோடு காந்தப்புலத்தைச் செலுத்துவோம். ஏழெட்டு டெஸ்லாவில் அந்த ஒழுங்கு குலைகிறது. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். ஏட்டுக்குச் செங்குத்தாகச் செலுத்தினாலோ, ஒழுங்கு சுமார் 35 டெஸ்லா வரை தாங்குகிறது. 80 டெஸ்லாவைத் தாண்டி இன்னொரு மாற்றம் வருகிறது. அவ்வளவு வலுவான புலத்தைத் தொடர்ந்து நிறுத்திவைக்க முடியாது, நொடியின் சிறு பகுதிக்குத் துடிப்பாகத்தான் தர முடியும். அதற்குள் அளந்து முடிக்க வேண்டும்.

ஒழுங்கு குலைந்த பிறகு உள்ளே இருப்பது என்ன? 2018-இல் கியோட்டோ ஆய்வாளர்கள், படிகத்தில் பக்கவாட்டாக ஓடும் வெப்பம் குவாண்டம் அலகில் சரிபாதியாக நிலைத்து நிற்பதாக அறிவித்தார்கள். கிதாயெவின் கணக்கு எதிர்பார்ப்பதும் அதே பாதி. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு அது. ஆனால் மற்றச் சில குழுக்களின் அளவீடுகளில் அந்தப் பாதி கிடைக்கவில்லை. அணுக்களின் அதிர்வுகளே வெப்பத்தைப் பக்கவாட்டில் திருப்புகின்றன என்ற விளக்கமும் வலுவாக நிற்கிறது.

ஒழுங்கு குலைவதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிசகில்லாத படிகங்களில், வெவ்வேறு ஆய்வகங்களில், அந்தப் பாதி திரும்பத் திரும்ப வரும்வரை ‘திரவம் கிடைத்துவிட்டது’ என்று எழுதுவது அவசரம்.