எக்ஸர்சைஸ் சைக்கிள் வாங்கப் போறீங்களா? மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

"அண்ணே, மிதிச்சா டொக்கு டொக்குன்னு சத்தம் வருது." எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். "இடது பக்கமா?" என்று கேட்பேன். "எப்படிண்ணே பார்க்காமலே சொல்றீங்க?" என்பார்கள்.

எந்த சைக்கிளாக இருந்தாலும் இடது பெடலுக்கு மரை தலைகீழாக வெட்டியிருக்கும். மற்ற நட்டு, போல்ட்டெல்லாம் வலப்பக்கம் திருகினால் இறுகும். இது இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். பார்சலில் வந்த சைக்கிளை வீட்டிலேயே மாட்டுகிறவர்கள் கைப்பழக்கத்தில் வலப்பக்கம் திருகுவார்கள். ஏறவில்லை என்றதும் இன்னும் பலமாகத் திருகி கிராங்க்கில் இருக்கும் மரையை அழித்துவிடுவார்கள். அதற்குமேல் பெடலை மாற்றிப் பயனில்லை, கிராங்க்கையே மாற்ற வேண்டும். பெடலில் எல், ஆர் என்று பொறித்திருப்பதைப் பார்த்து மாட்டுங்கள். சில நாள் ஓட்டியதும் ஸ்பேனரால் இன்னொரு முறை இறுக்குங்கள்.

திருச்சியில் அப்பாவின் சைக்கிள் கடையில் தொழில் பழகியவன் நான். இப்போது சென்னையில் வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். வாங்குவதற்கு முன்னால் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலும் உட்காரும் இடமும் படுகிற பாகங்களுக்குக் காசு கொடுங்கள், திரைக்குக் கொடுக்காதீர்கள்.

திரையை ஏன் நம்பக் கூடாது என்பதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இறுக்கும் குமிழைத் தளர்த்திவிட்டு ஒரு நிமிடம் மிதியுங்கள். கலோரி எவ்வளவு என்று பாருங்கள். பிறகு நன்றாக இறுக்கி, அதே வேகத்தில் ஒரு நிமிடம் மிதியுங்கள். மூச்சு வாங்கும், தொடை எரியும். ஆனால் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கலோரி முன்பு ஏறிய அளவுதான் ஏறும். காரணம், சுற்றும் பாகத்தில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே ஒரு சென்சார், அவ்வளவுதான் ஏற்பாடு. எத்தனை சுற்று என்று மட்டும் அதற்குத் தெரியும். உங்கள் எடையோ, எவ்வளவு இறுக்கி மிதிக்கிறீர்கள் என்பதோ தெரியாது. கிலோமீட்டரும் அதே சுற்றுக் கணக்குதான். ஐஎஸ்ஓ 20957 தரத்தைக் குறிப்பிடும் சைக்கிள்களின் ஸ்டிக்கரில் பெரும்பாலும் 'எச்சி' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எச் என்றால் வீட்டு உபயோகம். சி என்றால் காட்டும் அளவுகளில் துல்லியம் மிகக் குறைந்த வகுப்பு. தயாரித்தவரே ஸ்டிக்கரில் சொல்லிவிடுகிறார், நாம்தான் படிப்பதில்லை.

சக்கரத்தை எது இழுத்துப் பிடிக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மலிவானவற்றில் கம்பளிப் பட்டை ஒன்று சக்கரத்தை அழுத்தி உரசும். உரசினால் தேயும், தூள் கொட்டும், புதிதில் கருகல் வாடையும் வரும். பட்டையை மாற்றுவது சின்ன வேலைதான். காந்த வகையில் உரசலே கிடையாது. உலோகச் சக்கரம் காந்தத்துக்குப் பக்கத்தில் சுழலும்போது சக்கரத்துக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுழற்சியை எதிர்க்கும். குமிழைத் திருகினால் காந்தம் இன்னும் கிட்டே வரும், மிதிப்பது கனக்கும். தேய்மானமும் இல்லை, சத்தமும் இல்லை. கீழ் ஃப்ளாட்டில் ஆள் இருந்தால் காந்தமும் பெல்ட்டும் உள்ளதையே வாங்குங்கள். காற்றாடி வைத்த ஏர் பைக்கும் உண்டு. அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த ஏர்டைன்தான் அதில் பிரபலமான முன்னோடி. வேகமாக மிதிக்க மிதிக்கக் கனம் கூடும். நல்ல பயிற்சிதான், ஆனால் டிவி சத்தம் காதில் விழாது.

ஸ்பின் பைக் இளைஞர்களை இழுக்கிறது. 1980களில் ஜானி கோல்ட்பர்க் என்ற சைக்கிள் பந்தய வீரர் கலிபோர்னியாவில் தன் பயிற்சிக்காக வடிவமைத்ததில் இருந்து வளர்ந்த வகை அது. அதனால்தான் குனிந்து ஓட்டும் வாகும் ஒடுங்கிய சீட்டும். பெரும்பாலானவற்றில் ஃப்ரீவீல் கிடையாது. நீங்கள் நிறுத்தினாலும் கனமான சக்கரம் பெடலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்த, குமிழை அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. முதுகுவலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும், சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிகம்பன்ட் வகை வசதி. இடம் மட்டும் கூடுதலாக அடைக்கும்.

கடைக்குப் போகும்போது வீட்டிலேயே குள்ளமானவரைக் கூட்டிப் போங்கள். சீட்டை எவ்வளவு உயர்த்தலாம் என்று சேல்ஸ்மேன் சொல்வார், எவ்வளவு இறக்கலாம் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. சீட் தாழ்ந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். "சைக்கிளால முட்டி போச்சு" என்று கூப்பிட்ட வீடுகளில் சீட்டை இரண்டு துளை ஏற்றிவிட்டதோடு என் வேலை முடிந்ததும் உண்டு. ஏற்கெனவே முட்டியிலோ இதயத்திலோ பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

எடை வரம்பு 100 கிலோ என்று போட்டிருந்தால் 95 கிலோக்காரர் அதை வாங்க வேண்டாம். கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்.

திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் பால்கனியில் வைத்தீர்களானால் உப்புக்காற்று ஒரே வருஷத்தில் போல்ட்டுகளைத் தின்றுவிடும். வியர்வையும் உப்புத்தான், இறங்கியதும் கைப்பிடியையும் சீட்டுக் கம்பியையும் துடையுங்கள். ஊருக்குப் போனால் திரையில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு மூச்சு வாங்கினால் போதும். அதற்கு 20,000 ரூபாய்க்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கணக்கு.

பழையது வாங்குவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். துணி காயப்போட்டதைத் தவிர வேறு வேலையே செய்யாத சைக்கிள்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. பார்க்கப் போனால் இரண்டு கிராங்க்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.